குழந்தைகளோடு ஆல்ப்ஸ் மலையில் நடக்கலாம்: குறைந்த செலவில் தென் டிரோல், முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் என்றாலே நம்மில் பெரும்பாலோருக்கு ஸ்விட்சர்லாந்துதான் நினைவுக்கு வரும். விலையை விசாரித்ததும், நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்று அந்தப் பேச்சையே விட்டுவிடுவோம். ஆனால் ஆல்ப்ஸ் எட்டு நாடுகளில் சுமார் 1200 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிற மலைத்தொடர். அதில் குழந்தைகளோடு நடக்க அருமையாக இருந்தும், பாக்கெட்டை ரொம்பக் கடிக்காத இடங்கள் உண்டு. யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டியிருக்கும் தென் டிரோல். டோலமைட் மலைகளில் ஒரு முக்கியமான பகுதி இங்கேதான். 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலைகள் அவை. முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி என்பதால் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுகிறார்கள், கூடவே இத்தாலியனும் உண்டு, சில பள்ளத்தாக்குகளில் லாடின் என்ற பழைய மொழியும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இத்தாலிய ரயில் தளத்தில் பிரிக்சன் என்று தேடுவதைவிட பிரெஸ்ஸனோனே என்று தேடினால் வேலை சுலபம்.

செலவைப் பற்றி முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்தில் முக்கால்வாசிச் செலவு மூன்று முடிவுகளில் அடங்கிவிடுகிறது: எந்த மாதம் போகிறோம், எந்த ஊரில் தங்குகிறோம், எத்தனை முறை இடம் மாறுகிறோம். மூன்றும் வீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்கிற முடிவுகள். இவற்றைச் சரியாக எடுத்துவிட்டால், அங்கே போனபிறகு ஒவ்வொரு ஐஸ்கிரீமுக்கும் பிள்ளைகளிடம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

2000 மீட்டருக்கு மேலே உள்ள பாதைகள் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் நிம்மதியாக நடக்கத் தோதானவை. ஜூன் மாதத்திலும் வடக்குப் பார்த்த சரிவுகளில் பனி மிச்சம் இருக்கும். ஜூலை பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை விலை உச்சம், அதிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலி முழுக்க விடுமுறை என்பதால் அறை கிடைப்பதே கஷ்டம். செப்டம்பர் என் முதல் தேர்வு. வானிலை ஓரளவு நிலையாக இருக்கும், வழியில் சாப்பாடு தரும் மலைக்குடிசைகள் திறந்திருக்கும், கூட்டம் குறையும், வாடகையும் இறங்கும்.

சரி, நம் ஊர்ப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தானே விடுமுறை, அப்போது போகக்கூடாதா? போகலாம், ஆனால் திட்டம் முழுக்க வேறாக இருக்க வேண்டும். மே மாதத்தில் உயரமான பாதைகளில் பனி கிடக்கும், பல கேபிள் கார்கள் ஓடாது, மலைக்குடிசைகள் பூட்டியிருக்கும். இணையத்தில் பார்த்த படங்களை நம்பி மே மாதம் டோலமைட் உச்சிகளுக்கு டிக்கெட் எடுத்தால் ஏமாற்றம்தான். அதே மே மாதத்தில் தாழ்வான பகுதிகளோ பச்சைப்பசேல் என்று இருக்கும். அப்போது மெரானோவைத் தளமாக வைத்துக்கொண்டு வாய்க்கால் பாதைகளில் நடக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு அவை உச்சிப் பாதைகளுக்குச் சமமாகப் பிடித்தவை.

படி 2: ஒரே ஊர், சமையலறை உள்ள வீடு, கெஸ்ட் பாஸ்

கோடையிலோ செப்டம்பரிலோ போனால் பிரிக்சனில் தங்குங்கள். 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய ஊர். ரயில் நிலையம், பெரிய கடைகள், நாலா பக்கமும் பேருந்து என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஏழெட்டு இரவு இங்கேயே இருந்து தினமும் காலையில் ஒரு பக்கம் போய் மாலையில் திரும்புவதுதான் குழந்தைகளுக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. இரண்டு நாளுக்கு ஒரு ஊர் என்று மாறினால் பெட்டி கட்டுவதிலும் பேருந்துக்குக் காத்திருப்பதிலும் பாதி நாள் போய்விடும், ஒவ்வொரு வீட்டிலும் சுத்தம் செய்யும் கட்டணம் வேறு தனியாக ஏறும்.

தங்குமிடத்தில் மூன்று வகை பார்க்கலாம். முதலாவது, சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடு. நான்கு பேருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 100 முதல் 140 யூரோ என்று கணக்கு வையுங்கள், உச்சகட்ட வாரங்களில் இன்னும் கூடும். இரண்டாவது, பண்ணை வீடு. இங்குள்ள விவசாயிகள் சங்கம் 'ரோட்டர் ஹான்' என்ற பெயரில், சிவப்புச் சேவல் சின்னத்தோடு, தங்க இடம் தரும் பண்ணைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. மாடு, கோழி, முயல் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. ஆனால் பல பண்ணைகள் மேட்டில் தனியாக இருக்கும், ஆகவே பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்றாவது, யூத் ஹாஸ்டல். போல்சானோ, பிரிக்சன், மெரானோ, டோப்லாக் ஊர்களில் இருக்கின்றன, குடும்ப அறைகள் உண்டு, காலைச் சாப்பாடும் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் முன்பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: 'தென் டிரோல் கெஸ்ட் பாஸ் தருவீர்களா?' இந்த அட்டை இருந்தால் தங்கியிருக்கும் நாட்கள் முழுக்க மாகாணத்தின் பேருந்துகளிலும் உள்ளூர் ரயில்களிலும் இலவசமாகப் போகலாம். போல்சானோவிலிருந்து ரிட்டன் மேட்டுக்குப் போகும் கேபிள் கார், மேலே ஓடும் குட்டி ரயில், மெண்டல் மலை இழுவை ரயில் எல்லாமே இதில் அடக்கம். எல்லா வீடுகளும் இதைத் தருவதில்லை, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பத்து யூரோ மலிவு என்று பாஸ் இல்லாத வீட்டை எடுத்தால் பேருந்துக் கட்டணத்தில் அதைவிடக் கூடுதலாகப் போகும். பிரிக்சனில் தங்குபவர்களுக்கு பிரிக்சன் கார்டு என்று தனியாக உண்டு, பிளோசே மலைக்குப் போகும் கேபிள் காரும் அக்வாரேனா நீச்சல் குளமும் அதில் வருகின்றன. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரவுக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி ஒன்று தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், சிறிய தொகைதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போது வாடகைக் கார் அநேகமாகத் தேவையில்லை. புகழ்பெற்ற இடங்களில் நிறுத்தக் கட்டணமே கண்ணைக் கட்டும், பல சாலைகளைக் கோடைப் பகலில் கார்களுக்கு மூடியும் விடுகிறார்கள்.

படி 3: விசாவும் வழியும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ம்யூனிக்கில் இறங்கினாலும் தங்குவது தென் டிரோலில் என்றால் இத்தாலி விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

விமானம் ம்யூனிக்குக்கோ வெரோனா, வெனிஸ், மிலான் பக்கமோ எது மலிவாகக் கிடைக்கிறதோ அதற்கு எடுங்கள். ம்யூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் வழியாக 1370 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரென்னர் கணவாயைத் தாண்டி வரும் யூரோசிட்டி ரயில் பிரிக்சனிலேயே நிற்கிறது, மாறவே வேண்டாம், மூன்றரை மணி நேரம் போல ஆகும். சீக்கிரம் எடுத்தால் சலுகை விலை கிடைக்கும். இந்த ரயிலுக்கு கெஸ்ட் பாஸ் செல்லாது, உள்ளூர் ரயில்களுக்கு மட்டும்தான்.

ஜெர்மனியிலோ ஸ்விட்சர்லாந்திலோ குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் எளிது, ஒரு நீண்ட வார இறுதியிலேயே தொடங்கலாம்.

படி 4: காலணியும் பையும்

காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஆனால் விலை உயர்ந்தது வாங்க வேண்டும் என்றும் இல்லை. டெக்கத்லானில் குழந்தைகளுக்குக் கணுக்காலைப் பிடிக்கிற நடைக்காலணி நியாயமான விலையில் கிடைக்கிறது. ஊரிலேயே வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போட்டு நடக்க வையுங்கள். புதுக் காலணியோடு மலையேறினால் இரண்டாவது கிலோமீட்டரில் கொப்புளம் வரும், அப்புறம் அந்தக் குழந்தைக்கு மலையே வெறுத்துப்போகும்.

துணியில் பருத்தியைத் தவிருங்கள். வியர்வையில் நனைந்தால் காயாது, மேலே காற்று அடிக்கும்போது உடம்பு சில்லிட்டுவிடும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 6 டிகிரி குளிர் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள், பிரிக்சனில் 28 டிகிரி இருக்கிற நாளில் 2400 மீட்டரில் 16, 17 தான் இருக்கும், அதுவும் காற்று இல்லாமல். ஆகவே ஆளுக்கு ஒரு மெல்லிய கம்பளிச்சட்டை, ஒரு மழைச்சட்டை, ஒரு தொப்பி. குழந்தைகள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு விசில். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. இவ்வளவுதான், மிச்சமெல்லாம் சுமை.

உயரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். குடும்பத்தோடு நடக்கும் பாதைகள் 1700 முதல் 2450 மீட்டருக்குள் வருபவை. ஊட்டி 2240 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர். அங்கே ஓடியாடிய பிள்ளைக்கு இங்கே மூச்சு முட்டாது.

படி 5: நேரக் கணக்கு

குடும்பப் பயணங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வழிப்பலகைகளில் பாதை எண்ணும் நேரமும் போட்டிருக்கும், தூரம் இருக்காது. பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளை சிவப்புப் பட்டையாக அடையாளம் அடித்து, நடுவில் அதே எண்ணை எழுதியிருப்பார்கள். பலகையில் இருக்கும் நேரம், நிற்காமல் நடக்கும் பெரியவருக்கானது.

நீங்களே கணக்கிடும் முறை இது. ஒரு மணி நேரத்துக்கு 4 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கண்டுபிடித்து, பெரியதோடு சிறியதில் பாதியைச் சேருங்கள். உதாரணத்துக்கு 9 கி.மீ. பாதை, 400 மீட்டர் ஏறி அதே அளவு இறங்க வேண்டும். தூரத்துக்கு இரண்டேகால் மணி. ஏற்றத்துக்கு 1 மணி 20 நிமிடம், இறக்கத்துக்கு 48 நிமிடம், சேர்ந்தால் 2 மணி 8 நிமிடம். அதில் பாதி 1 மணி 4 நிமிடம். மொத்தம் சுமார் 3 மணி 20 நிமிடம். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் கூட இருந்தால் இதை ஒன்றரையால் பெருக்குங்கள், ஐந்து மணி நேரம் வரும். சாப்பாட்டுக்கும் ஓடையில் கல் எறிவதற்கும் தனியாக ஒரு மணி. ஆக ஆறு மணி நேரம். காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கினால் இரண்டரைக்கு முடியும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை சுட்டிரோல்மொபில் செயலியில் முந்தின இரவே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சில இடங்களில் சிக்னல் இருக்காது.

படி 6: எங்கே நடப்பது

முதல் நாள் மலையேற வேண்டாம், விமானக் களைப்பும் நேர மாற்றமும் பிள்ளைகளைப் படுத்தும். ரிட்டன் போங்கள். போல்சானோ ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கேபிள் கார், சுமார் 12 நிமிடத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலாக 1200 மீட்டர் உயரத்து ஓபர்போட்சனில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து 1907-இல் தொடங்கிய குட்டி ரயில் க்ளோபன்ஸ்டைன் வரை ஓடுகிறது. இரண்டும் பாஸிலேயே. ரயிலில் போய், திரும்பும்போது காட்டுக்குள் போகும் ஃப்ராய்ட் நடைபாதையில் நடந்து வாருங்கள். உளவியலாளர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1911 கோடையில் இங்கே தங்கியிருந்ததால் வந்த பெயர். சுமார் 6 கி.மீ., ஏற்றமே இல்லை என்று சொல்லலாம், குழந்தைத் தள்ளுவண்டியும் போகும். க்ளோபன்ஸ்டைனிலிருந்து அரை மணி நடந்தால் மண் கோபுரங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு களிமண் தூணும் உச்சியில் ஒரு பாறையைச் சுமந்து நிற்கும். அந்தப் பாறை மழையைத் தடுப்பதால்தான் கீழே உள்ள மண் கரையாமல் நிற்கிறது, பாறை விழுந்துவிட்டால் அந்தத் தூண் சீக்கிரம் கரைந்துபோகும். இதைச் சொல்லிவிட்டு, அடுத்து எது விழும் என்று கேளுங்கள், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

இந்த மாகாணத்தில் ஒரே ஒரு நாள்தான் நடக்க முடியும் என்றால் நான் தேர்ந்தெடுப்பது வில்னோஸ் பள்ளத்தாக்கின் அடால்ஃப் முங்கல் பாதை. பிரிக்சனிலிருந்து பேருந்தில் வில்னோஸ் வந்து, 1680 மீட்டரில் இருக்கும் ட்சான்ஸ் மேய்ச்சல் வெளியில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஓடையை ஒட்டிக் காட்டுக்குள் ஏறினால் ஒரு மணி நேரம் போல நடந்ததும் பாதை எண் 35 வரும், அதுதான் முங்கல் பாதை. அதன் பிறகு பெரிய ஏற்றம் கிடையாது. இடது பக்கம் கெய்ஸ்லர் மலைச் சுவர் நிற்கிறது, காலடியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு. உச்சியில் இருக்கும் சாஸ் ரிகைஸ் 3025 மீட்டர். வெளிர் சாம்பல் நிறப் பாறை, மேலிருந்து உதிர்ந்த கற்கள் பாதையைக் கடந்து சரிவாகக் கிடக்கும், நடுநடுவே ட்சிர்பே என்ற மலைப் பைன் மரங்கள், அதன் பிசின் வாசனை வழி முழுக்க வரும். அந்தப் பாறை ஒரு காலத்தில் வெப்பக் கடலின் அடியில் இருந்தது, இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. எவரெஸ்ட் உச்சிக்கு 1978-இல் ஆக்சிஜன் குப்பி இல்லாமல் போன ரைன்ஹோல்ட் மெஸ்னர் வளர்ந்தது இதே வில்னோஸில். ஐந்து வயதில் அப்பாவோடு முதல் மூவாயிரம் மீட்டர் உச்சியை ஏறியதும் இதே கெய்ஸ்லர் மலையில்தான். அழுகிற நிலைமைக்கு வந்த பிள்ளையை இன்னும் ஒரு கிலோமீட்டர் நடத்த இந்தக் கதை உதவும்.

சுமார் 2000 மீட்டரில் கெய்ஸ்லர் ஆல்ம் என்ற மலைக்குடிசை, மலைச்சுவரைப் பார்த்தபடி மரச் சாய்வு இருக்கைகள். அங்கே சாப்பிட்டுவிட்டு க்ளாட்ச் ஆல்ம் வழியாக ட்சான்ஸ் திரும்பலாம். மொத்தம் 9 கி.மீ. சுற்று, மேலே போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். தள்ளுவண்டி இதில் போகாது. கைக்குழந்தை இருந்தால் ட்சான்ஸிலேயே இயற்கைப் பாதை ஒன்று இருக்கிறது, அதில் போகும்.

இதே கெய்ஸ்லர் மலையைத்தான் மறுபக்கம் செசேடா என்ற முகட்டிலிருந்து எடுத்த படங்களாக இணையம் முழுக்கப் பார்த்திருப்பீர்கள். அங்கே போகும் கேபிள் கார் இந்தப் பகுதியிலேயே விலை கூடியவற்றில் ஒன்று, மேலே புகைப்படத்துக்கு வரிசை வேறு. நாலு பேர் குடும்பத்துக்கு அந்தப் பணத்தில் ஒன்றிரண்டு நாள் வீட்டு வாடகை வந்துவிடும். முங்கல் பாதையில் அதே மலையின் வடக்கு முகத்தைப் பேருந்துப் பாஸோடு பார்க்கலாம். எனக்கு வடக்கு முகமே கம்பீரம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிளோசே மலை. கேபிள் காரில் 2050 மீட்டர் வரை போய், அங்கே தொடங்கும் வூடிவாக் என்ற பாதையில் ரோஸ் ஆல்ம் வரை நடக்கலாம், வழியெல்லாம் மரத்தில் செய்த விளையாட்டுகள். நாலு வயதுப் பிள்ளையும் சொந்தக் காலில் நடக்கும்.

காசு கொடுத்துப் போகும் நாள் ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள், அது மூன்று சிகரம் எனப்படும் ட்ரை ட்சினனுக்கு. இதற்காக இரண்டு இரவு டோப்லாக்கில் தங்கினால் காலை முதல் பேருந்தைப் பிடிக்கலாம். டோப்லாக்கிலிருந்து அவுரோன்ட்சோ குடிசைக்குப் போகும் 444-ஆம் எண் பேருந்துக்குத் தனி டிக்கெட், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். காரில் போனாலும் சுங்கச்சாலைக் கட்டணம் உண்டு. 2300 மீட்டருக்கு மேலே இறங்கி, 2454 மீட்டர் லாவரேதோ கணவாயைத் தாண்டியதும் மூன்று சிகரங்களும் பக்கவாட்டில் திரும்பி முழுசாகத் தெரியும். நடுவில் இருக்கும் பெரியது 2999 மீட்டர். எதிரே 2405 மீட்டரில் லோகாட்டெல்லி குடிசை. முழுச் சுற்று 10 கி.மீ. போல, எட்டு வயதுக்கு மேல் வசதி. பிள்ளைகள் சோர்ந்தால் கணவாய் வரை போய் அப்படியே திரும்பிவிடுங்கள், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். முதல் உலகப்போரில் இங்கேதான் இத்தாலியும் ஆஸ்திரியாவும் முகத்துக்கு முகம் நின்றன, எதிரே உள்ள பாட்டர்ன்கோஃபல் மலையைக் குடைந்து வெட்டிய சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன.

பக்கத்தில் உள்ள பிராக்ஸ் ஏரி அழகுதான், கரையைச் சுற்றி ஒன்றரை மணி நடை. கூட்டம் வருவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் போனால் மட்டும் போங்கள். படகு வாடகை அதிகம், கரையிலிருந்தே ஏரி நன்றாகத் தெரிகிறது.

இனி மே மாதக் குடும்பங்களுக்கு. மெரானோவைச் சுற்றியும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கிலும் வால் என்று அழைக்கப்படும் பாசன வாய்க்கால்கள் பல நூறு ஆண்டுகளாக ஓடுகின்றன. மழை குறைந்த பள்ளத்தாக்கு என்பதால் மேலேயிருந்து நீரைக் கொண்டுவந்து தோட்டங்களுக்குப் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் காவலாள் ஒருவர் உண்டு, நம் ஊர் ஏரிகளில் மடை திறந்து மூடி வயல்களுக்கு முறை வைத்து நீர் விடும் நீர்க்கட்டியின் வேலைதான். வாய்க்காலில் சின்ன நீர்ச்சக்கரம் ஒன்று, அது சுற்றும்போது ஒரு சுத்தியல் மணியை அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ அடைப்பு என்று காவலாளுக்குத் தெரியும், மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். சில பாதைகளில் இன்றும் அந்த மணிச்சத்தத்தைக் கேட்கலாம். வாய்க்கால் ஓடுகிற இடத்தில் ஏற்றம் இருக்க முடியாது, அதனால்தான் பக்கத்தில் போகும் காவலாள் பாதை குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் ஏற்றது. மார்லிங் வாய்க்கால் பாதை 12 கி.மீ., டோல் என்ற இடத்திலிருந்து லானா வரை, ஆப்பிள் தோட்டங்களின் நடுவே. முழுக்க நடக்க வேண்டியதில்லை, நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ஏப்ரல் நடுவில் போனால் ஆப்பிள் பூக்கும் காலம். அல்குண்ட் வாய்க்கால் பாதை இதில் பாதி நீளம், அது மெரானோவுக்கு மேலே போகும் டப்பைனர் உலாப்பாதையோடு சேர்ந்துவிடும்.

படி 7: சாப்பாடு

ஊரிலிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டு வாருங்கள். நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி எதையும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. கருவேப்பிலை, பச்சை மிளகாய் போன்ற பச்சைப் பொருட்களும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. அரிசி இங்கேயே வாங்கலாம்: ஆர்போரியோ வேண்டாம், குழைந்துவிடும், தயிர் சாதத்துக்கு மட்டும் சரி. ரிபே அல்லது பார்பாயில்ட் என்று போட்டிருப்பதை எடுங்கள். யூரோஸ்பின், லிடில் இரண்டும் மலிவு. கிராமக் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடும், ஞாயிறன்று திறக்காமலும் போகலாம்.

நடைக்கு எடுத்துப் போக ஷுட்டல்புரோட் என்ற கம்பு நிறத் தட்டை ரொட்டியைச் சொல்வேன். ரை மாவில் செய்து மொறுமொறுப்பாகக் காயவைத்தது, மாதக்கணக்கில் கெடாது, பையில் நசுங்கினாலும் கவலையில்லை. அதில் சோம்பும் வெந்தயத்தின் உறவுச்செடி ஒன்றும் போடுகிறார்கள், முதல் கடியிலேயே நம் நாக்குக்குப் பழகிய வாசனை வரும். கூட ஒரு துண்டு மலைச் சீஸ், ஆளுக்கு ஓர் ஆப்பிள்.

தினமும் குடிசையில் சாப்பிட்டால் செலவு ஏறும், ஆனால் ஒரு முறைகூடச் சாப்பிடாமல் வருவது பாவம். ஒரு தட்டு சுமார் 12 முதல் 16 யூரோ. பரிமாறும் அளவு பெரிது, நாலு பேருக்கு மூன்று தட்டு போதும். கைசர்ஷ்மாரன் என்ற முட்டை அப்பத்தைப் பிய்த்துப் போட்டு ஜாமோடு தருவார்கள், பிள்ளைகளுக்கு அதைவிட வேறு வேண்டாம். சைவம் என்றால் சீஸ் அல்லது கீரை க்னோடல் உருண்டை, கீரை வைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்பெக் என்பது புகைபோட்ட பன்றி இறைச்சி, அது எதிர்பாராத இடத்திலெல்லாம் வரும். பார்லி சூப் பார்க்கச் சைவமாகத் தெரியும், பெரும்பாலும் அதிலும் இருக்கும். 'ஓனே ஸ்பெக்' என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். ஊர்களில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கக் கூடாத இடத்தில் பலகை இருக்கும், மாடு மேயும் இடங்களின் ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

படி 8: இடி, மாடு, அவசர எண்

கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். இரண்டு மணிக்குள் உயரமான இடங்களை விட்டு இறங்கிவிடுவது என்பதை விதியாக வையுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள வினாடிகளை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். பத்து வினாடிக்குள் என்றால் முகடு, தனி மரம், இரும்புக் கம்பி மூன்றையும் விட்டு உடனே விலகுங்கள்.

கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு இடைவெளி விட்டுச் சுற்றிப் போங்கள். நம் ஊர் மாடு மாதிரி தடவப் போகக்கூடாது, மேய்ச்சலில் விட்ட தாய்ப்பசு முட்டும். வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டு நடங்கள்.

அவசர எண் 112. எஸ்ஓஎஸ் ஈயூ ஆல்ப் என்ற செயலி தென் டிரோல், டிரோல், பவேரியா மூன்றிலும் உங்கள் இருப்பிடத்தோடு அழைப்பை அனுப்பும். சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் உயர்த்தினால் உதவி வேண்டும் என்று பொருள், வேண்டாம் என்றால் ஒரு கை மேலே ஒரு கை கீழே. இதைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. மலையில் தேடி மீட்கும் செலவு அதில் சேருமா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள், சேராவிட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி மாற்றுங்கள். ஐரோப்பாவில் குடியிருப்பவர்கள் ஆல்பைன் சங்கங்கள் எனப்படும் மலையேறுவோர் சங்கங்களில் குடும்ப உறுப்பினராகலாம், மீட்புக் காப்பீடும் குடிசைகளில் தள்ளுபடியும் சேர்ந்தே கிடைக்கும்.

படி 9: மழை நாள்

ஒரு நாளாவது மழை வரும். போல்சானோ தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஓட்ஸி இருக்கிறார். 1991 செப்டம்பர் 19 அன்று எல்லைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர். குளிரறையின் சின்னச் சன்னல் வழியாக உடலைப் பார்க்கலாம். அதைவிட அவருடைய காலணியைப் பாருங்கள்: கரடித்தோல் அடிப்பாகம், உள்ளே குளிருக்காகக் காய்ந்த புல் திணித்தது. டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள், மழை நாளில் ஊரே அங்கேதான் வரும். வில்னோஸில் உள்ள புயெட்ஸ்-கெய்ஸ்லர் இயற்கைப் பூங்கா இல்லத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

படி 10: எதை முதலில் பதிவு செய்வது

ஆறு மாதம் முன்பு விமானமும், ரத்து செய்யக்கூடிய வீடும். அதை வைத்து விசா. விசா வந்ததும் ம்யூனிக் ரயில். ஒரு மாதம் முன்பு 444 பேருந்தின் முன்பதிவு திறந்துவிட்டதா என்று பாருங்கள், அருங்காட்சியக டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் எடுத்தால் போதும்.

நாலு பேர், பத்து இரவு, விமானமும் விசாவும் நீங்கலாக என் கணக்கு: வீடு 1200 யூரோ, கடைச் சாமான் 450, குடிசைச் சாப்பாடு 200, ம்யூனிக் ரயில் போக வர 200, ட்ரை ட்சினன் பேருந்து, அருங்காட்சியகம், சில்லறைச் செலவு 200. ஆக 2250 யூரோ. இதில் குறைக்க வேண்டும் என்றால் இரவுகளைக் குறையுங்கள், குடிசைச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.